கூத்துக் கேசட்டுகளை எம்.பி.3 ஆக்கினால் தாளம் ஏன் கரைகிறது?

கேள்வி, காட்பாடியிலிருந்து. 2024 பிப்ரவரி 18

ஐயா, தாத்தா பதிவு செய்து வைத்த பாரதக் கூத்துக் கேசட்டுகள் 14 இருக்கின்றன. யு.எஸ்.பி. கருவி ஒன்று வாங்கிக் கணினியில் ஏற்றி, 128 கிலோபிட் எம்.பி.3 கோப்புகளாக மாற்றினேன். கைத்தாளம் ‘சிங்’ என்று ஒலிக்காமல் ‘ஸ்ஸ்க்’ என்று கரைகிறது. பாட்டை ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டும் முடியும் இடத்தில் ஒரு விக்கல் வருகிறது. அதே கோப்புகளை 320 கிலோபிட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். கோப்பு பெருத்ததே தவிர ஒலி தேறவில்லை. ஒலியைச் சுருக்கி எம்.பி.3 ஆக்கும் என்கோடரில் கோளாறா? வேறு எதற்கு மாறலாம்?

பிப்ரவரி 18, இரவு

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். கேசட்டுகள் இன்னும் உங்களிடம் இருக்கின்றனவா? கணினியில் ஏற்றியாயிற்று என்று யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா? இருக்கின்றன என்றால் எதுவும் கைமீறிப் போகவில்லை. என்கோடரை மாற்றவும் வேண்டாம்.

128ஐ 320 ஆக்கியதில் பயன் இல்லாமல் போனதற்குக் காரணம் எளியது. சி.டி. தரத்தில் ஒலி என்பது நொடிக்கு 1,411 கிலோபிட். அதை 128க்குள் அடக்க வேண்டுமானால் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். காதுக்கு எட்டாது என்று தான் கணக்கிட்டவற்றை எல்லாம் என்கோடர் நீக்கிவிட்டுத்தான் எழுதுகிறது. நீக்கியது அந்தக் கோப்பில் எங்கும் இல்லை. சலித்த மாவைப் பெரிய பாத்திரத்தில் கொட்டினால் போன தவிடு திரும்பாது. 320 கிலோபிட் கோப்பு உங்கள் 128 கோப்பின் பழுதை மிகுந்த அக்கறையோடு அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 19

கேசட்டுகள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். படித்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். ஏன் இவ்வளவு பதறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பள்ளிக்கொண்டா பக்கத்தில் ஆசிரியராக இருந்தார். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், 1983 முதல் 1989 வரை, சுற்று வட்டாரத்தில் எந்தத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தாலும் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மொத்தம் 41 கேசட்டுகள், எல்லாம் 90 நிமிடம் ஓடுபவை. 2006இல் நான் அவற்றைக் கணினியில் ஏற்றினேன். ஒரு 90 நிமிடக் கேசட், சுருக்காமல் வைத்தால் 95 கோடி பைட். 41 கேசட்டுக்கு ஏறத்தாழ 39 ஜி.பி. என் கணினியின் மொத்த ஹார்டு டிஸ்க்கே 40 ஜி.பி. அதனால் ஒவ்வொன்றையும் 128 எம்.பி.3 ஆக்கிவிட்டு மூலக் கோப்பை அழித்தேன். இரைச்சல் நீக்கும் வசதியையும் தாராளமாகப் பயன்படுத்தினேன். கேசட்டுகள் ஊர் வீட்டில் தகரப் பெட்டிக்குள் போயின. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் அந்தப் பெட்டியிலும் புகுந்தது. சேற்றைக் கழுவி, நிழலில் உலர்த்தி, 23 கேசட்டுகளைத்தான் மீட்க முடிந்தது. மற்ற 18 கேசட்டுகளுக்கு இன்று என்னிடம் இருப்பது அந்த 128 எம்.பி.3 மட்டும்.

ஆகவே, தம்பி, எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றுங்கள். இம்முறை ஃப்ளாக் வடிவில் வையுங்கள். ஃப்ளாக் எதையும் நீக்குவதில்லை. விரித்தால் முதலில் இருந்த ஒலி ஒரு பிட்கூட மாறாமல் கிடைக்கும். கோப்பு பாதி அளவுக்குச் சற்று மேல் வரும். கேசட் இரைச்சலில் எந்த ஒழுங்கும் இல்லாததால் அதற்குக் கீழே சுருங்காது. இன்றைக்கு இடம் ஒரு பொருட்டே அல்ல. எம்.பி.3 வேண்டுமென்றால் ஃப்ளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. 128 கிலோபிட்டில் என்கோடர்கள் 16, 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியை வெட்டிவிடும். கூத்தில் ஊதும் சிறு குழலான முகவீணையின் கூர்மையும் தாளத்தின் சிலிர்ப்பும் அங்கேதான் போகின்றன.

பிப்ரவரி 24

விக்கலைப் பற்றி எழுத மறந்துவிட்டேன்.

எம்.பி.3 ஒலியைக் கட்டம் கட்டமாக அடுக்குகிறது. ஒரு கட்டத்துக்கு 1,152 மாதிரிகள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில் அது 26 மில்லி விநாடி. உங்கள் துண்டு கட்டத்தின் நடுவில் முடிந்தால் மீதியை அமைதியால் நிரப்பும். தொடக்கத்திலும் என்கோடர் கொஞ்சம் அமைதியைச் சேர்க்கும், ஓட்டும்போது விரிக்கும் டீகோடர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தாமதிக்கும். லேம் என்ற என்கோடர் எவ்வளவு சேர்த்தது என்பதைக் கோப்பின் தலைப்பகுதியில் குறித்து வைக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த பிளேயர் அந்த அளவைத் தள்ளிவிட்டுத் தடையின்றி ஓட்டும். காரில் உள்ளவை பெரும்பாலும் படிப்பதில்லை. ஃப்ளாக்கில் இந்தத் தொல்லையே கிடையாது.

ஆனால் கூத்தை ஏன் ஐந்து நிமிடமாக வெட்டுகிறீர்கள்? அது இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஒரே மூச்சில் போவது. கேசட்டின் ஒரு பக்கம் ஒரே கோப்பாக இருக்கட்டும். விருத்தம் இங்கே, கோமாளியான கட்டியங்காரன் வருவது இங்கே என்று நேரக் குறிப்பைத் தனியே எழுதி வையுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மார்ச் 2

பிப்ரவரி 19 அன்று நான் எழுதிய கடைசிப் பத்தி தவறு. திருத்துகிறேன்.

மீட்ட கேசட்டுகளில் ஒன்றை நேற்று மீண்டும் ஏற்றி, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலைமாலைப் படத்தைப் பார்த்தேன். 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெறும் இரைச்சல்தான். டூ-இன்-ஒன்னின் உள்மைக்கும் சாதாரணக் கேசட்டும் சேர்ந்து அதற்கு மேல் எதையும் பிடிக்கவே இல்லை. இல்லாத ஒன்றை 16 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால் என்ன, வெட்டாவிட்டால் என்ன? முகவீணையைக் கொன்றது அந்த வெட்டு அல்ல.

அப்படியானால் எது? இரைச்சலே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். என்கோடருக்கு இரைச்சலும் ஒலிதான். ஒழுங்கற்ற ஒலி என்பதால் அதைச் சுருக்கத்தான் அதிகப் பிட்டுகள் செலவாகும். 128க்குள் இரைச்சல் ஒரு பங்கைத் தின்றுவிட்டால் தாளத்துக்கும் முகவீணைக்கும் மிஞ்சுவது குறைவு. ஆனால் இது மட்டுமே காரணம் என்று மனம் ஒப்பவில்லை. என் 2006 கோப்பு மொத்தமாகவே மங்கியிருக்கிறது, போர்வை போர்த்திக்கொண்டு பாடுவதைப்போல.

மார்ச் 3

போர்வை விலகிவிட்டது.

வேலூர் லாங்கு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இன்னும் கடை வைத்திருக்கிறார். கேசட் ஓட்டும் என் டெக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தார், கேசட்டை ஓட்டினார், ஐந்து நொடி கேட்டார். “ஹெட்டு சாய்ந்திருக்கிறது” என்றார். ஹெட்டுக்குப் பக்கத்தில் சுருள்வில்லோடு ஒரு சிறு திருகு இருக்கிறது. திருப்புளியை வைத்துக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். முகவீணை எழுந்து வந்தது. 38 ஆண்டுகள் கழித்து! கடையில் டீ கொண்டுவந்த பையன்கூட நின்று கேட்டான்.

ஹெட்டின் இடைவெளி நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் முதலில் போவது கூர்மையான ஒலிதான். இதில் முக்கியமானது, ‘சரியான’ கோணம் என்று பொதுவாக ஒன்றை வைத்துக்கொள்ளக் கூடாது. அப்பாவின் டூ-இன்-ஒன்னில் ஹெட் எப்படிச் சாய்ந்திருந்ததோ அதே சாய்வில்தான் நாடாவில் பதிந்திருக்கிறது. நம் டெக்கின் ஹெட் அந்தச் சாய்வுக்கு வர வேண்டும். பெரியவர் சொன்ன வழி: இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவாகக் கேட்டுக்கொண்டே திருப்பு, கூர்மை எங்கே உச்சமோ அங்கே நிறுத்து. மோனோவில் கேட்டால் சிறு சாய்வும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இடது, வலது இரண்டும் கால் இம்மி முன்பின்னாக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

உங்கள் தாத்தாவின் ரெக்கார்டரும் மோனோவாகத்தான் இருக்கும். ஸ்டீரியோவாக ஏற்றி, தெளிவான ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒலிக்கு இரண்டு சேனல் கொடுத்தால் 128 கிலோபிட்டும் பங்காகிப்போகும். ஹெட் சாய்ந்திருந்தால் இரண்டும் ஒன்றே என்று என்கோடருக்குத் தெரியாது. இரண்டுக்கும் செலவழிக்கும்.

காட்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்தால் அரை மணி நேரம். பெரியவருக்குக் கண் பார்வை குறைந்து வருகிறது. தள்ளிப்போடாதீர்கள்.

மார்ச் 9

இப்போது வேறு சிக்கல். அப்பா பதிந்த கர்ண மோட்சம் ஆறு கேசட்டுகள். ஐந்தாவது கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், விடியற்காலை நாலு மணி வாக்கில், சுருதி ஏறுகிறது. மெதுவாக ஏறிக் கடைசியில் அரைக் கட்டைக்கு மேல் போய்விடுகிறது. ஆறாவது கேசட்டில் திடீரென்று பழைய சுருதிக்கு இறங்குகிறது.

முதலில் மாதிரி வீதக் குழப்பம் என்று எண்ணினேன். 44,100 வீதத்தில் ஏற்றிய கோப்பை 48,000 என்று நினைத்து ஓட்டினால் வேகம் ஒன்பது சதவீதம் போலக் கூடும், சுருதி முக்கால் கட்டை அளவு ஏறும். யு.எஸ்.பி. கருவிகளில் இது அடிக்கடி நேரும். உங்கள் கோப்புகளிலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோளாறு தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவில் இருக்கும். இப்படிப் படிப்படியாக ஏறாது.

பாடுகிறவர்களே உச்சக்கட்டத்தில் சுருதியை ஏற்றினார்களோ?

மார்ச் 10

இல்லை. பின்பாட்டுக்கு ஆர்மோனியம் இருக்கிறது. ஆர்மோனியத்தின் கட்டை ஏறுவதற்கு வழியே இல்லை. நேற்றே தோன்றியிருக்க வேண்டும்.

மார்ச் 12

ஒரு வழி கண்டுபிடித்தேன். மைக் செட்டின் பின்னணியில் மின்சாரத்தின் ‘உம்’ ஒலி பதிந்திருக்கிறது. நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். நாடாவில் பதிந்த ‘உம்’ 53இல் நின்றால் நாடா ஆறு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள், அரைக் கட்டை. அதை 50க்குக் கொண்டுவந்தால் சுருதி தானே சரியாகிவிடும். டெக் சேர்க்கும் ‘உம்’ எப்போதும் நிலையாக நிற்பதால் இரண்டையும் படத்தில் பிரித்துப் பார்க்கலாம்.

மார்ச் 17

மேலே சொன்னதை நம்பி யாரும் வேகத்தை மாற்றிவிட வேண்டாம்.

இரண்டு கேசட்டுகளில் செய்து பார்த்தேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் சித்தப்பாவிடம் கேட்டேன். “அந்த நாளில் 50 எங்கே நின்றது? தேவை ஏறினால் 50க்குக் கீழே இறங்கிக் கிடக்கும்” என்றார். அதோடு பல ஊர்களில் கூத்துக்கு ஜெனரேட்டர்தான். ஜெனரேட்டரின் ‘உம்’ அதை ஓட்டுகிறவரின் கையில் இருக்கிறது. கோலே நீண்டு சுருங்கினால் அதைக்கொண்டு துணி அளக்க முடியாது.

சுருதி ஏறிய காரணம் மட்டும் தெரிந்துவிட்டது. அம்மாதான் சொன்னார், சாதம் பரிமாறிக்கொண்டே: “விடிகாலையில் பேட்டரி போய்விடும் என்று உங்கள் அப்பா மடியில் ஆறு பெரிய பேட்டரி கட்டிக்கொண்டு போவார்.” அதுதான். பேட்டரி சோர்ந்தால் ரெக்கார்டர் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடும்போது பதிந்ததை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் வேகமாகவும் கூர்மையாகவும் கேட்கும். ஆறாவது கேசட்டில் புதுப் பேட்டரி போட்டிருக்கிறார், சுருதி இறங்கிவிட்டது. என்கோடர், மாதிரி வீதம், மென்பொருள் என்று ஒரு வாரம் சுற்றினேன். கோளாறு 1986இல் ஒரு வயல் வரப்பில் நேர்ந்திருக்கிறது.

இதைத் திருத்த ஆர்மோனியம்தான் அளவு. பேட்டரி மாற்றிய பிறகு வரும் கட்டையோடு, ஏறிய பகுதியை நிமிடத்துக்கு நிமிடம் ஒத்துப்பார்த்து, கேட்பதற்கான பிரதியில் மட்டும் வேகத்தை இறக்கினேன். சேமிப்புப் பிரதியைத் தொடவில்லை.

மார்ச் 23

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, நான் மூன்று நாள் செலவழித்த இடம்.

என் தொகுப்பில் ‘திரௌபதி’ என்று தேடினால் ஒன்பது கோப்புகள்தான் வந்தன. இருப்பதோ பதினான்கு. மீதி ஐந்தில் ‘ரௌ’ வேறுவிதமாகத் தட்டச்சாகியிருந்தது. ஒற்றைக்கொம்பும் ‘ள’ எழுத்தும் சேர்ந்து பார்வைக்கு ஔகாரம்போலவே நிற்கும். கணினிக்கு அது வேறு சொல். ‘கொ’, ‘கோ’ வரிசைகளிலும் இதே தொல்லை உண்டு. ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமமே என்று யூனிகோடு விதி சொல்கிறது. ஆனால் எல்லாத் தேடல்களும் அந்த விதியைக் கேட்பதில்லை. ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். அதன் முதல் எழுத்து ‘ஸ’ ஆகவும் இருக்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு சகரமாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோலத் தெரியும்.

ஒரு கோப்பிலிருந்து சொல்லை நகலெடுத்து மற்ற எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். புதிதாகத் தட்டச்சு செய்யாதீர்கள். சலிப்பான வேலைதான். செய்யாமல் விட்டால் இன்னும் பத்து ஆண்டில் யாரோ ஒருவர் தேடி, இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

எம்.பி.3யின் பழைய ஐ.டி.3 குறிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்.-8 என்ற குறியீட்டு முறையில் மூன்று பைட். ‘திரௌபதி வஸ்திராபரணம்’ என்று எழுதினால் ‘திரௌபதி வஸ’ என்பதோடு நின்று, கடைசியில் ஒரு கட்டம் தெரியும். இரண்டாம் பதிப்புக் குறிப்புகளில் இந்த நெருக்கடி இல்லை. பழைய பிளேயர்களுக்காக 2.3 வடிவத்தில் யு.டி.எஃப்.-16ஆக எழுதினால் பெரும்பாலானவை படிக்கின்றன. ஃப்ளாக்கின் குறிப்புகள் எப்போதும் யு.டி.எஃப்.-8தான், நீளத்துக்குக் கவலை இல்லை.

அகரவரிசையையும் கணினியிடம் விட முடியவில்லை. யூனிகோடு அட்டவணையில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ நிற்கிறது, ‘ற’வும் ‘ழ’வும் நம் வரிசையில் இல்லை. ஆகவே நான் பெயரின் முன்னால் எண் வைக்கிறேன்: ஆண்டு, மாதம், நாள், கேசட் எண், பக்கம். அதற்குப் பிறகுதான் தமிழ்ப் பெயர்.

மார்ச் 24

பென் டிரைவை காரில் செருகினால் வரிசை மாறுகிறது என்கிறீர்கள். பல பிளேயர்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, கோப்புகள் எழுதப்பட்ட வரிசையிலேயே ஓட்டும். பென் டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டு ஒவ்வொன்றாக வரிசைப்படி நகலெடுங்கள். தமிழ் எழுத்துரு இல்லாத பிளேயருக்கு ஆங்கில எழுத்தில் பெயரிட்ட தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தின் பெயரை அதற்காக மாற்றாதீர்கள்.

ஏப்ரல் 7

இன்று உட்கார்ந்து சோதனை செய்தேன். ஒரே பகுதி, தாளமும் முகவீணையும் சேர்ந்து வரும் இடம். ஃப்ளாக் ஒருபுறம், லேமின் வி2 தரம் மறுபுறம், அது பொதுவாக 190 கிலோபிட் வாக்கில் நிற்கும். எது எது என்று தெரியாமல் 16 முறை கேட்டேன். ஒன்பது முறைதான் சரியாகச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அவ்வளவு வரும். அடுத்து, 2006இல் கணினிக் கடையில் போட்டுக்கொடுத்த என்கோடரைப் பழைய சி.டி.யிலிருந்து எடுத்து 128இல் ஓட்டினேன். 16க்கு 16.

அதே 128இல் லேமையும் வைத்துப் பார்த்தேன். வேறுபாடு தெரிகிறது, ஆனால் தாளம் தாளமாக இருக்கிறது. ஆக, ‘என்கோடரை மாற்ற வேண்டாம்’ என்று முதல் நாள் அடித்துச் சொன்னது சரியில்லை. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் எந்த என்கோடர் இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். பழையது என்றால் லேமுக்கு மாறுங்கள், நிலையான 128ஐ விட்டு வி2க்குப் போங்கள்.

ஏப்ரல் 28

நேற்று இரவு கண்ணமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பாரதம். விடியும்வரை இருந்தேன், கூத்து ஆடும் களரிக்குப் பத்தடி தள்ளி, முகவீணைக்காரருக்கு நேர் எதிரே. பகலின் வெப்பம் மண்ணிலிருந்து இறங்க நள்ளிரவு ஆயிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நேரில் கேட்கிறேன். காது எதை மறந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

தாளத்தில் இரண்டு பகுதி இருக்கிறது. முதலில் அடி, கத்தியால் வெட்டியதுபோல. பிறகு ஒரு நீண்ட ரீங்காரம், அடுத்த அடி வந்து விழும்வரை ஓயாதது. பாடுகிறவர் அந்த ரீங்காரத்தின் மேல்தான் சொல்லை வைக்கிறார். என் 2006 கோப்புகளில் அடி இருக்கிறது, ரீங்காரம் இல்லை. ‘சிங்’ என்பது ‘சிக்’ ஆகிவிட்டது. உங்களுக்கோ ‘ஸ்ஸ்க்’. இரண்டும் ஒரே நோய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அல்ல.

அடிக்கு முன்பே ‘ஸ்ஸ்’ என்று ஒரு கலங்கல் வந்தால் அது என்கோடரின் வேலை. எம்.பி.3 ஒரு நீண்ட சாளரத்தில், 26 மில்லி விநாடியை ஒன்றாக வைத்துக் கணக்கிடுகிறது. சாளரத்தின் கடைசியில் தாளம் விழுந்தாலும், கணக்கின் பிழை சாளரம் முழுவதும் பரவும். அடிக்கு முன்னால் அமைதியாக இருந்த இடத்தில் அந்தப் பிழை வெளியே கேட்டுவிடும். நல்ல என்கோடர் அடி வருவதைக் கண்டுகொண்டு சாளரத்தை மூன்றில் ஒன்றாகச் சுருக்கிக்கொள்ளும். பழையது தவறவிடும், அல்லது 128இல் அதற்குப் பிட் போதாது.

அடிக்குப் பிறகு ரீங்காரம் வெட்டப்பட்டிருந்தால் அது இரைச்சல் நீக்கத்தின் வேலை. அந்தக் கருவி இரைச்சலின் மட்டத்தை அளந்துகொண்டு, அதற்குக் கீழே இறங்கும் எதையும் அமுக்குகிறது. ரீங்காரத்தின் வால் தேய்ந்து தேய்ந்து இரைச்சலுக்குள்தான் இறங்குகிறது. காது அதை இரைச்சலுக்குள்ளும் பின்தொடர்கிறது. கருவிக்கு அது முடியாது.

அடியும் ரீங்காரமும் இருந்து, மொத்தமும் மங்கலாக இருந்தால் ஹெட்டின் சாய்வு.

என் 18 கேசட்டுகளைக் கெடுத்தது, ஆக, எம்.பி.3கூட அல்ல. சுத்தம் செய்கிறேன் என்று நான் அழுத்திய அந்தப் பொத்தான்தான். உங்கள் கேசட்டுகளுக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். இரைச்சல் கேட்டால் கேட்கட்டும்.

ஏப்ரல் 29

நேற்று எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன், எழுதத் தயக்கமாகவும் இருந்தது. மீட்ட கேசட்டுகள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அப்பாவின் குரல் இருக்கிறது. ஊர், தேதி, கதை, வாத்தியார் யார், முகவீணை யார் என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் பதிவைத் தொடங்கியிருக்கிறார். கேசட்டைத் திருப்பும்போதும் ஒரு சொல் சொல்கிறார். கட்டியங்காரன் கேலி பேசும் இடமாகப் பார்த்துத் திருப்புகிறார், பாட்டு நழுவக் கூடாது என்று. 2006இல் ‘தேவையில்லாத தொடக்கம்’ என்று 41 கேசட்டுகளிலும் அந்தப் பகுதியை வெட்டினேன். 23க்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. 18க்கு இல்லை. அந்த 18இல் எது எந்த ஊர் என்றுகூடச் சிலவற்றுக்குத் தெரியவில்லை.

முதல் ‘கடக்’ ஒலியிலிருந்து கடைசி ‘கடக்’ வரை ஏற்றுங்கள், தம்பி. ஒரு நொடியையும் வெட்டாதீர்கள்.

மே 5

கத்திரி தொடங்கிவிட்டது. 40 டிகிரிக்கு மேல் அடிக்கிறது. பிற்பகலில் டெக்கை ஓட்டுவதை நிறுத்திவிட்டேன், விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஓட்டுகிறேன். நீங்களும் கேசட்டுகளை மொட்டை மாடி அறையில் வைக்காதீர்கள்.

ஏற்றும்போது உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல்லில் நிற்கட்டும், 24 பிட்டில் பதியுங்கள். கேசட்டுக்கு 16 பிட்டே போதும், ஆனால் அளவைத் தாழ்த்தி வைத்துப் பதிய 24 பிட் இடம் தரும். திடீரென்று வேட்டு வெடித்தாலும் முறியாது. கோப்புக்குக் கோப்பு சத்தம் ஏறி இறங்கினால் ரீப்ளே கெயின் குறிப்பைச் சேருங்கள். அது ஒலியை மாற்றாது, எவ்வளவு கூட்டுவது குறைப்பது என்று பிளேயருக்குச் சொல்லும், அவ்வளவே.

ஃப்ளாக் கோப்பின் உள்ளேயே ஒலியின் எம்.டி.5 முத்திரை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக் கட்டளையை ஓட்டினால் எந்தக் கோப்பு கெட்டது என்று சொல்லிவிடும். கெட்டதைத் திருத்தாது, ஆகவே மூன்று பிரதி: வீட்டில் இரண்டு ஹார்டு டிஸ்க், வேறு ஊரில் ஒன்று. என்னுடையது திருவண்ணாமலையில் தங்கை வீட்டில் இருக்கிறது. 2006இல் எழுதிய சி.டி.களை நம்பியிருந்தால் அந்த 18இல் ஐந்து இன்று கிடைத்திருக்காது.

மே 11

பெரியவர் கடைக்குப் போயிருந்தேன். இந்த மாதக் கடைசியோடு கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறாராம். உங்களைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். 14 கேசட்டுகளையும் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள், உங்கள் டெக்கையும். நான் லாங்கு பஜார் முனையில் நிற்கிறேன். திருகு எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று நீங்களே அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.